இழுப்பது தண்ணீர், பிடிப்பது வெறுமை
மணலும் மின்னலும் – 17

ஆவுடையார்கோவில் கருவறையில் லிங்கம் கிடையாது. ஆவுடையார் மட்டும் இருக்கிறது. அதன் மேல் பாணம் இருக்கவேண்டிய இடம் காலி. நந்தி இல்லை, கொடிமரம் இல்லை, பலிபீடமும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்த சூட்டோடு கருவறைக்கு எதிரே உள்ள படைகல்லில் கொட்டுகிறார்கள். எழும்பும் ஆவிதான் ஆத்மநாதருக்கு நைவேத்தியம். அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் வழியில் இறங்கி இந்தக் கோயிலுக்குள் வருகிறவர்கள், தரிசனம் முடிந்ததும் கொடுங்கையின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். கருங்கல்லை மரச்சட்டமாகவும் கம்பியாகவும் ஆணியாகவும் இழைத்த கூரை அது. பழைய ஸ்தபதிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இன்று அதன் கீழே நிற்கிறவர்கள் செல்போனைக் குறுக்கே திருப்பிப் படம் எடுக்கிறார்கள். போன் திரும்பியதும் திரையும் தானே திரும்பிக்கொள்கிறது.

திரையைத் திருப்புகிற அந்தப் பொருள்தான் இந்த வாரக் கதை.

இதுவரை நாம் பார்த்த சில்லுகளில் எதுவும் அசையாது. மின்சாரம் ஓடும், நிற்கும், அவ்வளவுதான். போனுக்குள் இருக்கும் முடுக்கமானி வேறு சாதி. சிலிக்கானிலேயே செதுக்கிய ஒரு சின்னப் பாரம், அதைத் தாங்கும் மெல்லிய வில்கள், பக்கவாட்டில் ஒன்றுக்குள் ஒன்று கோத்த மாதிரி நிற்கும் மின்வாய்கள். போனைச் சாய்த்தால் பாரம் மயிரிழையிலும் குறைவாக நகரும், இடைவெளி மாறும், அதைச் சில்லு மின்சாரக் கணக்காகப் படித்துக்கொள்ளும். இப்படி அசையும் உறுப்பு உள்ள சில்லுகளுக்கு மெம்ஸ் என்று பெயர். காரில் காற்றுப்பை விரிவதும், போனின் மைக் நம் குரலைக் கேட்பதும் இவற்றால்தான். பாரத்துக்கும் அதன் பக்கத்துச் சுவருக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய 2 மைக்ரான். நம் தலைமுடியின் பருமன் 70 மைக்ரான் என்றால் அந்தச் சந்து எவ்வளவு குறுகல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சந்தில் காற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கும்? ஒன்றுமில்லை என்பதுதான் பள்ளிப் பாடம். 1948இல் ஹாலந்து நாட்டு ஹெண்ட்ரிக் காசிமிர் வேறொரு பதிலைச் சொன்னார்.

காசிமிர் பல்கலைக்கழக நாற்காலியில் உட்கார்ந்து வெறுமையைப் பற்றி யோசித்தவர் அல்ல. ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அங்கே ஓவர்பேக் என்ற வேதியியலாளர் திரவத்தில் மிதக்கும் நுண்பொடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பொடித் துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பு, தூரம் கூடும்போது அன்றைய கணக்கு சொன்னதைவிட வேகமாகக் குறைந்தது. காசிமிரும் சக ஆய்வாளர் போல்டரும் அதற்கு ஒரு விடை கண்டார்கள். விடை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையாக இருந்தது. ஏன் இத்தனை எளிமை என்று காசிமிர் நீல்ஸ் போரிடம் கேட்டபோது, வெற்றிடத்தின் அடிநிலை ஆற்றலோடு இதற்குத் தொடர்பு இருக்கும் என்று போர் முணுமுணுத்தாராம். காசிமிர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார்.

குவாண்டம் விதிப்படி மின்காந்தப் புலம் ஒருபோதும் முழு ஓய்வில் இருக்காது. ஒளியே இல்லாத இடத்திலும் எல்லா அலைநீளத்திலும் ஒரு சின்ன நடுக்கம் எஞ்சியிருக்கும். இரண்டு உலோகத் தட்டுகளை மிக அருகில் நேருக்கு நேர் வைத்தால், அவற்றின் நடுவே அந்த இடைவெளிக்குள் அடங்குகிற அலைகளுக்கு மட்டுமே இடம். வெளியே எல்லாவற்றுக்கும் இடம். இந்த வித்தியாசத்தால் தட்டுகள் ஒன்றையொன்று நோக்கி இழுபடுகின்றன. மின்னேற்றம் வேண்டாம், காந்தம் வேண்டாம்.

எவ்வளவு இழுப்பு? தூரத்தின் நான்காம் அடுக்குக்கு அது கட்டுப்பட்டது: தூரம் பாதியானால் விசை 16 மடங்கு. குறையற்ற உலோகத் தட்டுகளை 1 மைக்ரான் தள்ளி வைத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைப்பது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு எடை அளவு. 100 நானோமீட்டரில் அது ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு ஆகிறது. 10 நானோமீட்டருக்கு வந்தால் அதே சதுர சென்டிமீட்டரில் 1.3 கிலோ தொங்குகிறது. நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதும் தரும் அழுத்தத்தைவிட அதிகம். சிலிக்கானில் இதைவிடக் குறையும். ஆனால் போக்கு இதுதான்.

இனி தொழிற்கூடத்துக்குப் போவோம். அசையும் பாரத்தைச் செய்கிறவர்கள் அதை அந்தரத்தில் செய்ய முடியாது. முதலில் சிலிக்கான் வேஃபரின் மேல் சிலிக்கான் டை ஆக்ஸைடு ஒரு படலம், அதன் மேல் பாரத்துக்கான சிலிக்கான் படலம். மேல் படலத்தை வடிவாக வெட்டியபின் அடியிலுள்ள ஆக்ஸைடை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் கரைத்து எடுத்துவிடுவார்கள். கான்கிரீட் போட்டபின் முட்டுப் பலகையைப் பிரிப்பது போன்ற வேலை. இதற்குத் தொழிலில் 'ரிலீஸ்' என்று பெயர். ஈரத்தில் வெற்றிகரமாக ரிலீஸ் ஆன பாரம், அலசி உலர்த்தும்போது தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எதைச் செய்தாலும் எழுந்திருக்காது. இதை 'ஸ்டிக்‌ஷன்' என்கிறார்கள். வாரக்கணக்கில் செய்த வேலை கடைசி ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

இந்தப் பழியை நேரே குவாண்டம் வெற்றிடத்தின் தலையில் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. தலைப்புக்கு நன்றாக இருக்கும், கணக்குக்கு ஒத்துவராது. 1 மைக்ரான் சந்தில் மாட்டிய தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் சுவர்களை இழுக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தைவிடக் கூடுதல். அதே இடைவெளியில் காசிமிர் விசை அதில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான். எனவே பாரத்தைக் கவிழ்த்துப் போடுவது தண்ணீர். தண்ணீர் ஆவியாகிப் போன பிறகும் அது ஏன் எழுவதில்லை என்பதுதான் சரியான கேள்வி. கவிழ்ந்தபின் இரண்டு பரப்புகளுக்கு நடுவே சில நானோமீட்டர்தான் மிச்சம். அங்கே பரப்புகளின் இழுப்புக்குத்தான் ராஜ்யம். இவ்வளவு நெருக்கத்தில் வான் டெர் வால்ஸ் விசை என்றும், சற்றுத் தள்ளிப் போனால் காசிமிர் விசை என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே விசையின் இரண்டு முகங்கள் என்று 1950களில் ரஷ்யாவின் லிஃப்ஷிட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். பாரத்தின் எடை அந்தப் பிடிக்கு முன்னால் பொருட்டே அல்ல. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது, பரப்பு நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது. சிறியதில் பரப்பே எஜமான்.

வைத்தியமும் இந்த இரண்டு கட்டங்களுக்கும் தனித்தனியாக இருக்கிறது. தண்ணீரை வெளியேற்ற ஓர் அழகான குறுக்கு வழி உண்டு. அலசிய நீரை ஆல்கஹாலால் மாற்றி, ஆல்கஹாலைத் திரவக் கார்பன் டை ஆக்ஸைடால் மாற்றி, 31 டிகிரி வெப்பத்தையும் 73 மடங்கு காற்றழுத்தத்தையும் தாண்டவைத்தால் அது திரவமும் இல்லாமல் வாயுவும் இல்லாமல் ஆகிவிடும். திரவப் பரப்பே இல்லாதபோது பரப்பு இழுவிசை ஏது? பிறகு மெல்லத் திறந்துவிட்டால் பாரம் நின்றது நின்றபடி இருக்கும். (31 டிகிரி என்பது புதுக்கோட்டைச் சித்திரையில் அறை வெப்பத்துக்கும் கீழே. சிரமமெல்லாம் அழுத்தத்தில்தான்.) அமிலத்தைத் திரவமாக ஊற்றாமல் ஆவியாகவே செலுத்துவது இன்னொரு வழி.

அடுத்த கட்டத்துக்கு, அதாவது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் தொல்லைக்கு, பாரத்தின் அடியில் சின்னச் சின்னப் புடைப்புகள் விடுவார்கள். முழுப் பரப்பும் படியாமல் புடைப்பின் நுனி மட்டும் தொடும். பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக விடுவதும், ஒரே மூலக்கூறு கனத்தில் மேலே ஒரு பூச்சு பூசுவதும் நடக்கிறது.

இதன் பெரிய வெற்றியை நாம் சினிமாக் கொட்டகையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1987இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய கண்ணாடிச் சில்லுதான் டிஎல்பி புரொஜெக்டர்களின் இதயம். 2கே வகைச் சில்லில் 22 லட்சம் நுண்கண்ணாடிகள். ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து தரையைத் தொட்டு எழுகிறது. தொடுகிற ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு. ஒட்டிக்கொண்டால் திரையில் ஒரு புள்ளி நிரந்தரமாக வெள்ளை அல்லது கறுப்பு. அதற்காகக் கண்ணாடியின் தொடும் நுனிகளில் வில் வைத்தார்கள், ஒட்டாப் பூச்சு பூசினார்கள், கண்ணாடியை உதறி எழுப்ப மின்துடிப்பு கொடுத்தார்கள். ஹீரோ அறிமுகக் காட்சியில் நாம் விசிலடிக்கும்போது பின்னால் இத்தனை உதறல் நடக்கிறது.

காசிமிர் விசையை நம்பும்படி அளக்க அரை நூற்றாண்டு ஆனது. 1997இல் ஸ்டீவ் லாமரோ முறுக்குத் தராசால் அளந்தார். மறு ஆண்டு கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் உமர் மொஹிதீனும் அனுஸ்ரீ ராயும் அணுவிசை நுண்ணோக்கியின் நுனியில் அலுமினியம் பூசிய பாலிஸ்டைரீன் உருண்டையை ஒட்டி, 100 நானோமீட்டர் நெருக்கம் வரை கொண்டுபோய் ஏறக்குறைய ஒரு சதவீதத் துல்லியத்தில் அளந்தார்கள். பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் ஜி. ராஜலட்சுமி 2004இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வும் முறுக்குத் தராசில் காசிமிர் விசையைத் தேடியதுதான். 2001இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சானும் கபாசோவும் கூட்டாளிகளும் எதிர்த்திசையில் யோசித்தார்கள். தொல்லை கொடுக்கும் விசையையே வேலைவாங்கினால் என்ன? அரை மில்லிமீட்டர் சதுரச் சிலிக்கான் தட்டின் அருகே தங்கம் பூசிய உருண்டையைக் கொண்டுவந்தார்கள். வெற்றிடத்தின் இழுப்பில் தட்டு சாய்ந்தது. 2009இல் கபாசோ குழு தங்கத்தையும் சிலிக்காவையும் புரோமோபென்சீன் திரவத்தில் நேரெதிரே வைத்து விசையை விலக்கு விசையாகவே திருப்பிக் காட்டியது. ஒட்டவே ஒட்டாத தாங்கிகள் வரும் என்று அப்போது பேசினார்கள். புரோமோபென்சீனில் ஊறிய முடுக்கமானியை நான் வாங்கமாட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆவுடையார்மேல் காலியாக இருக்கும் இடத்தையும் காசிமிரின் வெற்றிடத்தையும் முடிச்சுப்போட்டு, அந்தக் கோயிலோடு பிணைந்த மாணிக்கவாசகருக்குக் குவாண்டம் தெரியும் என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் எழுத ஐந்து நிமிடம் போதும். அது இருவருக்குமே அவமரியாதை. அருவமாகிய இறையைப் பற்றிய அந்த எண்ணத்துக்கு நானோமீட்டர் சான்றிதழ் தேவையில்லை. வெற்றிடத்திலிருந்து இலவச மின்சாரம் எடுப்பதாகச் சொல்லி முதலீடு கேட்கிறவர்களும் இதே விசையைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். தட்டுகள் சேரும்போது ஒருமுறை ஆற்றல் கிடைக்கும், உண்மை. அவற்றைப் பிரிக்க அதே ஆற்றலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வட்டிகூட மிஞ்சாது.

போனின் மூளையாக இருக்கும் டிரான்சிஸ்டர் சில்லில் அசைவு இல்லாததால் அங்கே இந்த விசைக்குப் பெரிய வேலை இல்லை. ஒரே ஒரு இடத்தில் அதன் உறவுக்காரன் கூலிக்கு வருகிறான். நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய இரண்டு வேஃபர்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பசையில்லாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு சூடேற்றி அந்தப் பிடியை நிரந்தரமாக்குவார்கள். அடுக்குச் சில்லுகளின் காலம் வர வர இந்தப் பிடி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஒருவருக்குத் தொல்லை, இன்னொருவருக்குப் பசை.

காசிமிர் இருந்த அதே பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிற்பாடு வேஃபரில் ஒளியால் கோடு வரையும் இயந்திரம் ஒன்று உருவானது. 1984இல் அது தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. இன்று உலகின் மிக நுண்ணிய சில்லுகளைச் செய்கிறவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்கும் ஏஎஸ்எம்எல் அதுதான். ஐந்தோவனுக்குப் பக்கத்து ஊரான வெல்டோவனில் இருக்கிறது. நம் நாட்டிலும் அதே 1984ஐ ஒட்டி மொஹாலியில் ஒரு சில்லு ஆலை ஓடத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் அது தீப்பிடித்தது. அடுத்த வாரம் மொஹாலி.