கோபுரமும் கோட்டையும் – 14
நாள் குறிக்கத் தெரிந்தவர்

1949 செப்டம்பரில் சென்னை ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது. அன்று கோட்டையில் ஆட்சியிலிருந்தவர் நம்ம ராஜபாளையம் பூ.ச. குமாரசாமி ராஜா. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் சமூகத்திலிருந்து வந்த காங்கிரஸ்காரர். புதிய கட்சி கேட்ட திராவிட நாடு நான்கு மொழிக்காரர்களுக்கும் பொதுவான தனி நாடு. வேடிக்கைதான்: அப்படி ஒரு நாட்டுக்குப் பொருத்தமான முகம் எதிர்த்தரப்பின் முதல்வர் நாற்காலியில் இருந்தது.

தனி நாடு வேண்டுமா என்று மக்களைக் கேட்கச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே தேர்தலையே வாக்கெடுப்பாகப் பாவிப்பதைத் தவிர கட்சியைத் தொடங்கிய அண்ணாவுக்கு வேறு வழியில்லை. அதை எந்தத் தேர்தலில் தொடங்குவது? 1952-ல் கட்சி நிற்கவில்லை. திராவிட நாட்டை ஆதரிப்பதாகக் கையெழுத்திட்ட வேட்பாளர்களுக்குத் துணை நின்றது, அவ்வளவே. அந்தத் தேர்தலில் குமாரசாமி ராஜா சொந்தச் சீமையிலேயே தோற்றார் என்றாலும், அந்தத் தோல்வியைத் திராவிட நாட்டின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

1956 மே மாதம் திருச்சி மாநாட்டில் அண்ணா செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. தேர்தலில் நிற்கலாமா, வேண்டாமா என்று மாநாட்டுக்கு வந்த தொண்டர்களிடமே கேட்டார். பெட்டி வைத்து ஓட்டு வாங்கினார்கள். நிற்கலாம் என்றவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். வேண்டாம் என்றவர்கள் நாலாயிரத்துச் சொச்சம். திராவிட நாட்டுக்காரர்கள் நடத்திய ஒரே முறையான வாக்கெடுப்பு அதுதான். அதுவும் கட்சிக்குள்ளே! முடிவு என்ன வரும் என்று தெரிந்த பிறகே பெட்டியைத் திறக்கும் சாமர்த்தியம் அண்ணாவுக்கு இருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் வந்துவிட்டன. தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் அவரவர் மாநிலத்தோடு திருப்தியானார்கள். திராவிட நாட்டைக் கேட்க அங்கே ஆளில்லை. கோரிக்கை உள்ளுக்குள் செத்தது அப்போதுதான் என்பது என் கருத்து. கட்சித் தலைவர்களில் ஒருவரான ஈ.வெ.கி. சம்பத் அதை வாய்விட்டுச் சொல்லி 1961-ல் வெளியேறினார். ஆனாலும் சட்டமன்றத்தில் கட்சியின் பலம் ஏறியது: 1957-ல் 15 இடம், 1962-ல் 50 இடம். காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா மாநிலங்களவைக்குப் போய், மே மாதக் கன்னிப்பேச்சிலேயே சுயநிர்ணய உரிமை கேட்டார். அடுத்த தேர்தலை உண்மையான வாக்கெடுப்பாக்கிவிடலாம் என்று தம்பிமார் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

அந்த 1962 அக்டோபரிலேயே சீனப் படை எல்லை தாண்டியது. அண்ணா பிரிவினைப் பிரச்சாரத்தை நிறுத்தினார். 1963-ல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காதவர் தேர்தலில் நிற்கவே முடியாது என்று ஆயிற்று. அந்த ஆண்டே கழகம் கோரிக்கையைக் கைவிட்டது. கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா.

தனி நாடு கேட்ட ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு 2014-ல் வாக்கெடுப்பு என்ற ஒரு வாய்ப்பாவது கிடைத்தது. 55-க்கு 45 என்று தோற்றார்கள். இரண்டாவது வாக்கெடுப்புக்கு 2023 அக்டோபர் 19 என்று அப்போதைய ஸ்காட்லாந்து முதல்வர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாள் குறித்தார். லண்டன் சம்மதிக்காமல் நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூட்டிய கதவுக்கு முன்னால் தேதியை அறிவிப்பது வீம்பு. அண்ணா அதைச் செய்யவில்லை. கதவு அடைபட்டதும் திசையை மாற்றினார்; நாலே ஆண்டில் கோட்டை கைக்கு வந்தது. சம்பத் இரண்டு ஆண்டு முந்திச் சொன்னதால் தனிமரமானார். அண்ணா சரியான நேரத்தில் சொன்னார்.

இன்றும் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வேட்புமனு தாக்கல் செய்கிறவர், எந்தக் கட்சியானாலும், 1963-ல் வந்த அந்த உறுதிமொழியை எடுத்தாக வேண்டும்.

(தொடரும்)