சிங்கப்பூர்க் கல்: உடைந்தது பாறை மட்டும்தானா?

1819இல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் காட்டை வெட்டிய தொழிலாளர்கள் பெரிய பாறை ஒன்றைக் கண்டார்கள். ஏறக்குறைய 3 மீட்டர் உயரம். அதில் சுமார் 50 வரி எழுத்துகள். கடலிலிருந்து ஆற்றுக்குள் திரும்பும் முனையில், ஊர் எல்லைக்கல் போல அது நின்றிருந்தது.

அந்தக் கல் என்ன ஆயிற்று? 1843இல் கோட்டை கட்டுவதற்காக ஆங்கிலேயர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் இருக்கும் வட்டாரம் அது. சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. அவற்றுள் ஒன்று திரும்பி வந்து, இப்போது தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ளது.

அது சொல்லும் செய்தி இன்னும் தெளிவாகவில்லை. 2019இல் ஆய்வாளர் இயன் சின்கிளேர், அத்துண்டில் உள்ள சில எழுத்துகளைக் 'கேசரிவ' என்று படிக்கலாம் என்றார். ராஜேந்திர சோழன் போன்ற சோழ மன்னர்கள் தாங்கிய 'பரகேசரிவர்மன்' என்ற பட்டத்தின் பகுதியாக அது இருக்கலாம் என்பது அவர் கருத்து.

உடனே தமிழர்கள் மார்தட்டிக்கொள்ளலாமா? அவசரம் வேண்டாம். 'இருக்கலாம்' என்பது 'இருந்தது' ஆக வேண்டுமானால், முன்னும் பின்னும் உள்ள வரிகள் தேவை. அவை வெடியோடு போய்விட்டன.

சிராங்கூன் சாலையின் பழைய கடைவீட்டில் ஒரு பெயர்ப்பலகையை எடுக்கும்போதும் இதை நினைவில் வைக்கலாம். எடுப்பதற்கு முன் ஒரு படமாவது பிடித்து வையுங்கள்!