பைலட் பற்றாக்குறையாம்... வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வைக்கலாமா?

போன மாசம் ஆபீசுக்கு ஒரு அப்பா வந்தார். சேலத்துக்காரர். கையில வீட்டுப் பத்திரம். "சார், பையன் ப்ளஸ் டூ முடிச்சுட்டான். நாட்டுல பைலட்டே கிடைக்கலையாம். சின்ன ஏர்லைன்ஸ்ல உடனே வேலையாம். 50 லட்சம் லோன் போட்டா ரெண்டு வருஷத்துல அடைச்சிடலாம்ல?"

நீங்களும் இப்படி ஒரு கணக்கு போட்டு வச்சிருந்தா, கொஞ்சம் பொறுங்க.

பற்றாக்குறைங்கறது பொய் இல்ல. 2023-ல மட்டும் ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம் ஆர்டர் கொடுத்தாங்க. அத்தனைக்கும் ஆள் வேணும். சின்ன ஊர்களுக்கு ஏ.டி.ஆர். ஓட்டுற பிராந்திய கம்பெனிகள்ல இருந்து அனுபவசாலிகள் பெரிய கம்பெனிக்குப் போயிடறாங்க. அதனாலதான் கேப்டன் வேலையை விடணும்னா ஒரு வருஷம் முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும்னு டி.ஜி.சி.ஏ. விதியே இருக்கு.

ஆனா யாருக்குப் பற்றாக்குறை? கேப்டனுக்கு. அந்த நாற்காலிக்கு ஏ.டி.பி.எல். லைசென்ஸ் வேணும், அதுக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்கணும். உங்க பையன் 50 லட்சம் கட்டி வாங்கப்போற சி.பி.எல்.-க்கு 200 மணி நேரம்தான். கேப்டன் இல்லாம ஒரு ஃப்ளைட் நின்னா, புது கோ-பைலட் பத்து பேரை வச்சும் அதைக் கிளப்ப முடியாது. அந்த கோ-பைலட் சீட்டுக்குத்தான் வரிசை.

இப்போ கணக்குக்கு வருவோம். 50 லட்சம், 11% வட்டி, 10 வருஷம்: ஈ.எம்.ஐ. சுமார் 68,900 ரூபாய். வேலை கிடைக்க ரெண்டு வருஷம் தள்ளிப்போய், வட்டியும் கட்டலைன்னா அசல் 61 லட்சத்தைத் தாண்டும், ஈ.எம்.ஐ. 84,000. இதுல டைப் ரேட்டிங் செலவு சேரல, அது தனியா பல லட்சம். காத்திருக்கும்போதும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். வீட்டை வச்சு எடுக்கிற அடமான லோனுக்கு 80இ வரிச்சலுகையும் கிடையாது. (கல்விக்கடனா எடுத்தாலும் பழைய வரி முறையில இருந்தாதான்.)

இன்னொண்ணு, பிராந்திய கம்பெனிகளோட ஆயுசு. உடான் திட்டத்துல அரசு மானியம் ஒரு ரூட்டுக்கு 3 வருஷம்தான். சேலத்துக்கு 2018-ல வந்த ட்ரூஜெட் சர்வீஸ் நின்னுபோய், 2023 அக்டோபர்லதான் வேற கம்பெனி விமானம் வந்தது. ட்ரூஜெட் கம்பெனியே 2022-ல பறக்கறதை நிறுத்திடுச்சு. அவருக்கு இது நல்லாவே தெரியும், அதே ஊர்க்காரர்தானே!

பையனோட ஆசையைக் கெடுக்கச் சொல்லல. வரிசையை மாத்துங்கன்னு சொன்னேன். முதல்ல கிளாஸ் 1 மெடிக்கல். கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பாங்க. அதுல தேறலைன்னா மேல பேச்சே இல்ல. அடுத்து டி.ஜி.சி.ஏ. எழுத்துத் தேர்வுகள். நேவிகேஷன், வானிலை, ரெகுலேஷன், டெக்னிக்கல் எல்லாத்தையும் பறக்கறதுக்கு முன்னாடியே எழுதலாம், செலவும் லட்சக்கணக்குல ஆகாது. அதுக்கப்புறம் ஃப்ளையிங் ஸ்கூல். அங்கயும் மொத்தமா கட்டாதீங்க, பறந்த மணி நேரத்துக்குத் தகுந்த மாதிரி தவணையா கட்டுங்க. ஸ்கூல்ல எத்தனை விமானம் ஓடுற நிலைமையில இருக்குன்னு நேர்ல போய் எண்ணிப் பாருங்க.

பையனுக்கு அடுத்த மாசம் மெடிக்கல். பத்திரத்தை அவர் திரும்ப வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டார். ஈ.எம்.ஐ. கணக்கு போட்ட எக்செல் ஷீட் லிங்க் நம்ம வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. உங்க வட்டி விகிதத்தைப் போட்டுப் பாருங்க.