பிளஸ் டூ ஆசிரியருக்கு பி.எட். கட்டாயம், கல்லூரியில் எழுதக் கற்றுத்தருபவருக்கு என்ன பயிற்சி?

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே இருக்கிறது கொல்லயில் ஊராட்சி. அதில் வரும் தனுவச்சபுரத்தில் மேல்நிலைப் பள்ளியும் உண்டு, 1964-ல் தொடங்கிய வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரியும் உண்டு. உங்கள் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு, லீவு கழிந்ததும் அதே ஊரிலேயே கல்லூரிக்குப் போகலாம். வயசு ரெண்டு மூணு மாசம்தான் கூடியிருக்கும். ஆனால் எதிரே நிற்கும் ஆசிரியர் எப்படி உருவானவர் என்பது அடியோடு மாறிவிடும்.

கேரளத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக முதுகலைப் பட்டத்தோடு பி.எட். வேணும், மாநில அரசின் செட் தேர்விலும் தேறியிருக்கணும். பி.எட். இப்போது ரெண்டு வருஷப் படிப்பு. அதில் பல வாரங்கள் பள்ளிக்கே போய், மூத்த ஆசிரியர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, பாடம் நடத்திக் காட்டணும்.

கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு இது எதுவும் வேண்டாம். முதுகலையில் 55 சதவீதம், நெட் தேர்வில் தேர்ச்சி. குறைந்தபட்சத் தகுதி அவ்வளவுதான்.

நெட் தேர்வு எதைச் சோதிக்கிறது?

ரெண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். எல்லாமே நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். முதல் தாளில் கற்பித்தல் திறன் பற்றிய கேள்விகளும் வரும், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கற்பித்தலைப் பற்றிய கேள்விக்கு விடை தேர்ந்தெடுப்பதும் கற்பிப்பதும் ஒன்றல்ல.

முன்பு மூன்றாம் தாள் என்று ஒன்று இருந்தது. அதில் விரிவாக எழுதணும். 2012 ஜூன் முதல் அதுவும் கொள்குறி வகையானது. 2018-ல் அந்தத் தாளே போய்விட்டது. ஆக, ஒரு பத்திகூட எழுதிக் காட்டாமல், ஒரு வகுப்புகூட எடுத்துக் காட்டாமல், கட்டுரை எழுதக் கற்றுத்தரும் தகுதியை ஒருவர் பெற்றுவிடலாம். இது அந்த ஆசிரியர்களின் குற்றமில்லை. அவர்களிடம் அதை யாரும் கேட்கவில்லை.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 ஜூலை 1-ல் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு தொடங்கியது. நாலாவது வருஷம் ஆய்வோடு ஹானர்ஸ் எடுத்தால் மாணவரே ஒரு ஆய்வேடு எழுதணும். கைடு பார்த்து மனப்பாடம் செய்து அதை எழுத முடியாது. சொந்தமாகக் கேள்வி கேட்டு, சான்று சேர்த்து, பக்கம் பக்கமாக வாதத்தை நகர்த்தணும். அதை முதல் வருஷத்திலிருந்தே யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் நடக்கும்.

எழுதக் கற்றுத்தருவதில் அப்படி என்ன நுட்பம்?

எல்லைப்பகுதித் தமிழையே எடுத்துக்கொள்வோம். இங்கே குடிக்கிற தண்ணீரை 'வெள்ளம்' என்று சொல்வது வழக்கம். ஒரு மாணவி கட்டுரையில் 'வெள்ளம் குடித்தார்கள்' என்று எழுதுகிறாள் என்று வையுங்கள். பயிற்சி இல்லாதவர் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். பயிற்சி உள்ளவர், இது பிழையா, வட்டார வழக்கா என்று முதலில் பிரித்துப் பார்ப்பார். "உங்க ஊர்ல இது சரிதான். ஆனா மதுரைக்காரர் படிச்சா வெள்ளப்பெருக்குன்னு நினைப்பார். யாருக்காக எழுதுற?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் அவள் கற்றுக்கொள்வது, பத்து சிவப்புக் கோட்டில் வராது.

இன்னொன்று, எப்போது திருத்துவது என்பது. முடிந்துபோன கட்டுரையில் எழுதும் குறிப்பை மாணவர் மதிப்பெண் பார்த்ததும் மூடிவைத்துவிடுவார். முதல் வரைவிலேயே ரெண்டே ரெண்டு விஷயத்தைச் சுட்டிக்காட்டி, மறுபடி எழுதச் சொன்னால் பலன் உண்டு. அதற்கு எந்த ரெண்டு என்று தேர்ந்தெடுக்கத் தெரியணும். ஒரே கட்டுரையைப் பல ஆசிரியர்கள் தனித்தனியாகத் திருத்தி, பிறகு சேர்ந்து உட்கார்ந்து, "நீ ஏன் ஏழு போட்டே, நான் ஏன் நாலு போட்டேன்" என்று பேசித் தீர்ப்பதும் ஒரு பயிற்சிதான். செலவே இல்லாதது.

வேறு இடங்களில் எப்படி?

அமெரிக்காவில் ஹார்வர்டு 1885-லேயே முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பாடத்தைக் கொண்டுவந்துவிட்டது. இன்று அங்கே பல பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த வகுப்புகளை எடுப்பவர்கள் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள். அவர்களுக்கென்றே தனிப் பயிற்சிப் பாடம் உண்டு: பாடத்திட்டம் தயாரிக்கணும், மூத்தவர் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்கணும், சேர்ந்து திருத்தணும். குறைந்த சம்பளத்தில் வேலை வாங்கும் வழி இது என்ற புகாரும் அங்கே நெடுநாளாக இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. இருந்தாலும் முதல் வகுப்புக்குப் போகும் இளம் ஆசிரியர் தனியாக நிற்பதில்லை.

இந்தியாவில் 1958-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம், ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவே பிறந்தது. இன்றைய ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் அதுதான். தமிழோ மலையாளமோ கற்பிப்பவருக்கு அந்தக் கதவு இல்லை.

விதி என்ன சொல்கிறது?

2022 நவம்பரில் யுஜிசி வெளியிட்ட பிஎச்.டி. விதிகளில் பலரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. எந்தத் துறையானாலும், ஆய்வு மாணவர்கள் எல்லோரும் தங்கள் பாடம் சார்ந்து கற்பித்தலிலோ எழுத்திலோ பயிற்சி பெற்றாக வேண்டும். வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் டியூட்டோரியல், ஆய்வகம், விடைத்தாள் மதிப்பீடு போன்ற வேலைகளைக் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. 'வேண்டும்', 'கொடுக்கலாம்' - இந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவில்தான் சிக்கல். யாராவது உடன் இருந்து வழிகாட்டாவிட்டால், பயிற்சி என்பது ஆசிரியர் வராத நாளில் வகுப்பை ஆய்வு மாணவர் தலையில் கட்டுவதாக முடிந்துவிடும். முதுகலை முடித்து நெட் மட்டும் எழுதி வேலைக்கு வருபவருக்கோ இந்த வரியே பொருந்தாது.

வேலைக்கு வந்த பிறகு பயிற்சி உண்டு. 2023 முதல் மாளவியா மிஷன் என்ற பெயரில் நடக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் மையம் காரியவட்டத்தில். ஆனால் நிரந்தர ஆசிரியருக்கு அது பெரும்பாலும் பதவி உயர்வுக்கான படிக்கட்டு. அவர் அங்கே போவதற்குள் எத்தனை முதலாண்டு வகுப்புகள் அவர் கையில் கடந்துபோயிருக்கும்!

நீங்கள் ஆய்வு மாணவராக இருந்தால், அந்த 2022 விதியைக் காட்டி உங்கள் நெறியாளரிடம் ரெண்டு விஷயம் கேளுங்கள்: அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி, நீங்கள் திருத்திய பத்துத் தாளை அவரும் ஒருமுறை பார்க்கும் ஏற்பாடு. உங்கள் வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால், கேரளத்தின் புதிய திட்டத்தில் 100-க்கு 30 மதிப்பெண் அகமதிப்பீடு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அசைன்மென்ட் அதில்தான் வருகிறது. கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே வரைவைக் கொண்டுபோய், "டீச்சர், இதில் எதை முதலில் மாத்தணும்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.