உங்களுக்குத் தெரியுமா? ரத்தம் திரும்பும்போதுதான் இதயத்துக்குச் சோதனை!

பைபாஸ் அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் இதயத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பார்கள். மகாதமனியில் கிடுக்கி போட்டு, பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தினால் துடிப்பு அடங்கிவிடும். இந்த வழியை 1955இல் எழுதி வெளியிட்டவர் லண்டனில் பணியாற்றிய டெனிஸ் மெல்ரோஸ்.

கிடுக்கியை எடுத்த பிறகுதான் ஆபத்து. ரத்தமின்றி வாடிய தசைக்குள் ஆக்சிஜன் திடீரென்று பாயும்போது, சில நிமிடங்களிலேயே ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள் பெருகி செல்களின் சவ்வைத் தாக்குகின்றன. உயிர் கொடுக்க வந்த ஆக்சிஜனே காயமும் செய்துவிடுகிறது!

இதைத் தடுக்க வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பாராசிட்டமால் நஞ்சை முறிக்கும் அசிட்டைல்சிஸ்டீன் எனப் பலவற்றைச் சோதித்திருக்கிறார்கள். வியப்பூட்டுவது அலோபியூரினால். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்களுக்குத் தரும் அதே மாத்திரைதான். யூரிக் அமிலத்தை உண்டாக்கும் நொதி ஃப்ரீ ராடிக்கல்களையும் உண்டாக்குகிறது. மாத்திரை அந்த நொதியையே அடக்குகிறது.

பலன்? வைட்டமின் சி பெற்றவர்களுக்கு, அறுவைக்குப் பின் பலருக்கும் வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு குறைந்ததாகப் பல சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் உயிரிழப்பு குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

அறுவைக்கு முன் இவற்றை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். வைட்டமின் ஈ அளவு மிஞ்சினால் ரத்தக்கசிவு கூடலாம். எந்தச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.