குறைந்த ஒளியில் நிகழ்ச்சிப் படமெடுப்பு: லென்ஸும் விளக்கும் தேர்ந்தெடுத்தல்

குறைந்த ஒளியில் நிகழ்ச்சிப் படமெடுப்பு என்பது திருமணம், வரவேற்பு, நாட்டிய அரங்கேற்றம், இசைக் கச்சேரி போன்றவற்றை, அங்கே இருக்கும் போதாத வெளிச்சத்தில் ஒளிப்படமாகப் பதிவு செய்வதாகும். ஸ்டுடியோவில் ஒளியைப் படமெடுப்பவரே அமைத்துக்கொள்கிறார். நிகழ்ச்சியில் ஒளி, நேரம் இரண்டும் பிறர் கையில் இருக்கின்றன. தாலி கட்டும் கணம் சில நொடிகளில் முடிந்துவிடும். படம் சரியாக வரவில்லை என்று இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. எனவே இவ்வகைப் படமெடுப்பில் கருவித் தேர்வு முக்கியமானது. அந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் உள்ளது, படமாக்கப்படுபவர் எவ்வளவு வேகமாக அசைகிறார், கூடுதல் விளக்குக்கு அனுமதி உண்டா ஆகிய மூன்று கேள்விகளே அத்தேர்வைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

இருண்ட அறைக்குள் படமெடுக்கத் தொடக்க காலத்தில் மக்னீசியப் பொடி எரிக்கப்பட்டது. 1887இல் ஜெர்மனியில் அடோல்ஃப் மீத்தே, யோகன்னஸ் கேடிக்கே ஆகிய இருவரும் மக்னீசியத்துடன் பொட்டாசியம் குளோரேட் கலந்த மின்னல் பொடியை உருவாக்கினர். அது பளிச்சென்று எரிந்தது. கூடவே புகையையும் தீ விபத்து அச்சத்தையும் கொண்டுவந்தது. கூட்டம் நடக்கும் இடத்தில் யாருக்கும் தெரியாமல் படமெடுக்க அது உதவவில்லை.

மாற்றம் லென்ஸின் வழியாக வந்தது. டிரெஸ்டன் நகரின் எர்னமன் நிறுவனம் 1924இல் எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமராவை வெளியிட்டது. லுட்விக் பெர்டெலே வடிவமைத்த அதன் லென்ஸின் துளை எஃப் 2 அளவுக்குத் திறந்தது, பின்னர் 1.8 அளவிலும் வந்தது. இந்தக் கேமராவைக் கொண்டு எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர் 1928இல் பெர்லின் நீதிமன்ற விசாரணையைத் தொப்பிக்குள் மறைத்துப் படமெடுத்தார். அதன்பின் அரசியல் தலைவர்களின் மாநாடுகளையும் விருந்துகளையும் அவர் மின்னல் பொடி இல்லாமலே பதிவு செய்தார். யூதரான அவர் 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். இன்றைய நிகழ்ச்சிப் படமெடுப்புக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார்.

வெளிச்சக் கணக்கு

படத்தின் வெளிச்சத்தைக் கேமராவில் மூன்று அமைப்புகள் முடிவு செய்கின்றன. முதலாவது, அபர்ச்சர் எனப்படும் லென்ஸின் துளை. இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். மூன்றாவது, பதிவான ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்பதைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்.

துளையின் அளவு எஃப் எண்ணால் குறிக்கப்படும். எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது. 1.4, 2, 2.8, 4, 5.6 என்ற வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. ஆகவே எஃப் 1.4 லென்ஸ், எஃப் 2.8 லென்ஸைப் போல 4 மடங்கு ஒளியையும், எஃப் 5.6 லென்ஸைப் போல 16 மடங்கு ஒளியையும் உள்ளே விடும்.

ஓரளவு நன்றாக விளக்கு போட்ட ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 1/250 நொடி என்ற அமைப்பில் சரியான வெளிச்சம் கிடைக்கிறது என்க. கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. லென்ஸை முழுவதும் நீட்டினால், அதன் துளை 5.6 வரைதான் திறக்கும். அதே ஐஎஸ்ஓவில் ஷட்டர் நேரம் 1/60 நொடியாகிவிடும். 1/250 நொடியே வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ எண்ணை 12,800க்கு உயர்த்த வேண்டும். மாறாக எஃப் 1.8 லென்ஸ் இருந்தால், அதே 1/250 நொடிக்கு ஐஎஸ்ஓ 1250 போதும். கேமரா மாறவில்லை, மண்டப விளக்கும் மாறவில்லை; லென்ஸ் மட்டுமே பத்து மடங்கு வேறுபாட்டைத் தருகிறது.

அசைவும் கலங்கலும்

படம் கலங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கேமராவைப் பிடித்திருக்கும் கையின் நடுக்கம். மற்றொன்று, எதிரில் இருப்பவரின் அசைவு. லென்ஸிலோ கேமராவிலோ உள்ள நடுக்கத் தடுப்பு வசதி முதல் குறையை மட்டுமே போக்கும். சிரித்துத் தலையைத் திருப்பும் மணப்பெண்ணையோ சுழன்றாடும் நாட்டியக் கலைஞரையோ அது நிறுத்தி வைக்காது. அதற்கு ஷட்டர் வேகம் ஒன்றே வழி. பொதுவாக,

- உட்கார்ந்து பேசுபவருக்கு 1/125 நொடி,
- நடப்பவர், சடங்கு செய்பவர் ஆகியோருக்கு 1/250 நொடி,
- விரைவான நடனத்துக்கு 1/500 நொடி அல்லது அதைவிடக் குறைவு

என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் படத்தில் புள்ளிகளாக இரைச்சல் தெரியும். புதிதாகப் படமெடுப்பவர்கள் இதற்கு அஞ்சி ஐஎஸ்ஓவைக் குறைத்து வைப்பதுண்டு. இரைச்சலை மென்பொருளால் பெருமளவு நீக்கலாம். அச்சிட்ட ஆல்பத்தில் அது பெரும்பாலும் கண்ணுக்கே படாது. அசைவால் கலங்கிய முகத்தை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது. எனவே ஷட்டர் வேகத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, ஐஎஸ்ஓவைத் தேவையான அளவுக்கு உயர விடுவதே பாதுகாப்பானது.

லென்ஸ் தேர்வு

ஒரே குவிய நீளம் கொண்ட லென்ஸ்கள் பிரைம் லென்ஸ் எனப்படும். இவற்றில் 35, 50, 85 மி.மீ. லென்ஸ்கள் எஃப் 1.8 அல்லது 1.4 துளையுடன் கிடைக்கின்றன. ஜூம் லென்ஸ்களில் நிகழ்ச்சிகளுக்கு ஏற்றவை, எல்லா நீளத்திலும் எஃப் 2.8 துளை மாறாமலிருக்கும் 24–70 மி.மீ., 70–200 மி.மீ. ஆகியவை. பிரைம் லென்ஸ் எடை குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு, ஒளி அதிகம். ஆனால் படமெடுப்பவர்தான் முன்னும் பின்னும் நகர வேண்டும். உறவினர்கள் சூழ்ந்து நிற்கும் மணமேடையில் அப்படி நகர இடம் இருக்காது. அங்கே ஜூம் லென்ஸின் வசதி, ஒன்றிரண்டு படி ஒளி இழப்பை ஈடு செய்துவிடும்.

கேமராவின் சென்சார் அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமராவில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பையே காட்டும். சிறிய அறையில் குழுவைப் படமெடுக்க இது போதாது. 24 அல்லது 35 மி.மீ. தேவைப்படும்.

பெரிய துளைக்கு ஒரு விலை உண்டு. துளை பெரிதாகும்போது தெளிவாக விழும் ஆழம் குறைகிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து 2 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால், தெளிவான ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே. மணமகன் முகம் தெளிவாக இருக்க, அரை அடி பின்னால் இருக்கும் மணமகள் முகம் மங்கிவிடும். அதே இடத்தில் எஃப் 4 வைத்தால் ஆழம் சுமார் 13 செ.மீ. ஆகும். ஒருவர் மட்டும் இருக்கும் படத்துக்கு முழுத் துளையும், இருவருக்கு மேல் இருக்கும் படத்துக்குச் சிறிய துளையும் பொருத்தமானவை. துளையைச் சிறிதாக்குவதால் குறையும் ஒளியை விளக்கால் ஈடு செய்யலாம்.

ஃபிளாஷ்

கேமராவின் தலையில் பொருத்தும் ஃபிளாஷ், குறைந்த எடையில் மிகுந்த ஒளி தரும் கருவி. அதன் ஆற்றல் வழிகாட்டி எண்ணால் குறிக்கப்படும். அந்த எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால், ஐஎஸ்ஓ 100இல் ஒளி எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். வழிகாட்டி எண் 36 என்றால், எஃப் 4இல் 9 மீட்டர். ஐஎஸ்ஓவை 1600க்கு உயர்த்தினால் இத்தூரம் 4 மடங்காகும். இதனால் ஃபிளாஷைக் குறைந்த ஆற்றலில் இயக்கலாம், பேட்டரி நீடிக்கும், அடுத்த மின்னலுக்குக் காத்திருக்கும் நேரமும் குறையும்.

ஃபிளாஷை நேராக முகத்தில் அடித்தால் வியர்வையும் பட்டுச் சேலையின் ஜரிகையும் நகையும் வெள்ளையாக எரியும், பின்புலம் கறுத்துவிடும். தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைவதே பின்புலம் கறுப்பதற்குக் காரணம். ஃபிளாஷின் தலையைத் திருப்பி, வெள்ளைக் கூரையிலோ சுவரிலோ ஒளி பட்டுத் திரும்பும்படி செய்தால் ஒளி பரவி மென்மையாகும். கூரை மிக உயரமாக இருந்தாலோ வண்ணத் துணி கட்டிய பந்தலாக இருந்தாலோ இந்த முறை பயன்படாது. சிவப்புத் துணியில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தையும் சிவப்பாக்கும். அப்போது குடையோ சாஃப்ட்பாக்ஸோ மாட்டிய ஃபிளாஷைத் தாங்கியில் பக்கவாட்டில் நிறுத்தி, ரேடியோ டிரிக்கரால் இயக்கலாம்.

மண்டபத்தின் அலங்கார விளக்குகளும் படத்தில் தெரிய வேண்டுமென்றால் ஷட்டரை 1/60 நொடி அளவுக்கு மெதுவாக்கலாம். ஷட்டர் நேரம் அங்குள்ள விளக்குகளின் ஒளியை மட்டுமே கூட்டும். ஃபிளாஷ் ஒளி அதைவிட மிகக் குறைந்த நேரமே எரிவதால் அதைப் பாதிக்காது. பல கேமராக்களில் சாதாரண ஃபிளாஷுடன் பயன்படுத்தக்கூடிய அதிக வேகம் 1/200 அல்லது 1/250 நொடி.

எல்இடி விளக்கும் மினுக்கலும்

தொடர்ந்து எரியும் எல்இடி விளக்கில், விழப்போகும் ஒளியை முன்கூட்டியே கண்ணால் பார்க்கலாம். காணொளி எடுப்பவருக்கும் அது பயன்படும். ஆனால் ஃபிளாஷின் கணநேர ஒளிக்கு ஈடாகச் சிறிய எல்இடி பலகை வராது. வாங்கும்போது நிறத்தை உண்மையாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 95க்கு மேல் இருப்பதைப் பார்க்க வேண்டும். இல்லையேல் தோலின் நிறம் பச்சையாகவோ வெளிறியோ தோன்றும்.

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண் இதை அறியாது, கேமரா அறியும். வேகமான ஷட்டரில் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரலாம். எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழலாம். 1/50 அல்லது 1/100 நொடியில் மெயின்ஸ் மின்சாரத்தால் வரும் இந்தக் குறை மறையும். அதைவிட வேகம் தேவைப்பட்டால் கேமராவின் மினுக்கல் தடுப்பு வசதியையும் இயந்திர ஷட்டரையும் பயன்படுத்த வேண்டும்.

மண்டபமும் மேடையும்

திருமண மண்டபத்தில் முகூர்த்த வேளையில் ஓமப் புகை எழும். கெட்டிமேளம் கேட்டதும் அட்சதை பறக்கும். நேர் ஃபிளாஷ் அடித்தால் புகை வெண்திரையாகவும், லென்ஸுக்கு அருகில் பறக்கும் அரிசி பெரிய வெள்ளைப் பொட்டுகளாகவும் பதிவாகும். பக்கவாட்டு ஒளியில் இவையே அழகாகத் தெரியும். 24–70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் மேடைக்கு அருகிலும், 85 மி.மீ. லென்ஸ் பொருத்திய இரண்டாவது கேமரா சற்றுத் தள்ளியும் இருப்பது நல்ல ஏற்பாடு.

நாட்டிய மேடையில் நிலை வேறு. பல சபாக்கள் ஃபிளாஷை அனுமதிப்பதில்லை. திடீர் ஒளி ஆடுபவரின் கவனத்தைக் கலைக்கும்; பார்வையாளர்களுக்கும் இடையூறு. அங்கே லென்ஸ் ஒன்றே துணை. 10 மீட்டர் தொலைவிலிருந்து ஃபுல் ஃபிரேம் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், 135 மி.மீ. லென்ஸில் சுமார் 2.7 மீட்டர் உயரம் அடங்கும். தலைக்கு மேல் உயர்த்திய கையும் வெட்டுப்படாது. கறுப்புத் திரை கேமராவின் ஒளி அளவியை ஏமாற்றி முகத்தை வெளிற வைக்கும் என்பதால், முகத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறை நல்லது. ஆட்டத்தில் அடவின் முடிவில் ஒரு கணம் உடல் நிலைகொள்ளும். தாளத்தைக் கவனித்து அந்தக் கணத்தில் அழுத்தினால் 1/200 நொடியிலும் தெளிவான படம் கிடைக்கும்.

வாங்கும் வரிசை

குறைந்த பணத்தில் தொடங்கும் மாணவர், இருக்கும் கேமராவையே வைத்துக்கொண்டு முதலில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கலாம். அடுத்து, தலை திரும்பும் ஃபிளாஷ் ஒன்றும் இரண்டு தொகுதி ரீசார்ஜ் பேட்டரிகளும். மூன்றாவதாக டிரிக்கர், தாங்கி, குடை. எஃப் 2.8 ஜூம் லென்ஸ்கள் விலை மிகுந்தவை. ஆண்டுக்குச் சில நிகழ்ச்சிகளே இருந்தால் வாடகைக்கு எடுப்பது மேல். புதிய கேமரா கடைசியில் வரட்டும்.

எந்தக் கருவியானாலும் நிகழ்ச்சிக்கு முன்பே இடத்துக்குச் சென்று, விளக்குகளைப் போடச் சொல்லிச் சில படங்கள் எடுத்துப் பார்க்க வேண்டும். கூரையின் உயரம், விளக்கின் மினுக்கல், நிற்க அனுமதிக்கப்பட்ட இடம் ஆகியவற்றை அறிந்தபின் பையில் எதை வைப்பது என்று முடிவு செய்வது எளிதாகும்.