படக்கதை செய்தவர்களிடம் கேட்க வேண்டியவை

1

படக்கதைகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பது கொஞ்சம். படக்கதை செய்தவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதப்பட்டிருப்பது அதைவிடக் கொஞ்சம். 'வெகுஜனக் கலாச்சாரம்' என்று நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அதை உச்சரித்ததுமே ஒரு பக்கம் சந்தை, மறுபக்கம் ஏமாளி வாசகன், நடுவில் ஒரு பிரதி என்று மூன்றும் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. விமர்சகன் பிரதியை எடுத்துக் கட்டுடைக்கிறான், அதற்குள் ஒளிந்திருக்கும் கருத்தியலை வெளியே எடுத்துப் போடுகிறான். வேலை முடிந்தது. அந்தப் பிரதி யார் யார் கைகள் வழியாக வந்தது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

இதைக் காரியாபட்டிப் பக்கமிருந்து கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கும் இந்த ஊரும் சிவகாசியும் இன்று ஒரே விருதுநகர் மாவட்டம். இரண்டுமே மானம் பார்த்த பூமி. வெள்ளாமை கைவிட்ட இடத்தில்தான் சிவகாசியில் தீப்பெட்டி வந்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய கதை இப்பக்கம் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சுத்தொழில் காலண்டரையும் டைரியையும் வாழ்த்து அட்டையையும் போட்டது. அதே ஊரிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வெளிவந்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. முல்லை தங்கராசன் ஆசிரியர். 1984 ஜூலையில் எஸ்.விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ், 'கத்திமுனையில் மாடஸ்டி'யோடு தொடங்கியது. அதே மாதத்தில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ்பாண்டோடு வந்து இறங்கியது.

தமிழ்ச் சிறுவர்களின் கற்பனைக்குள் லண்டனும் டெக்சாஸும் நுழைந்த வழிகளில் முக்கியமான ஒன்று இந்தக் கந்தக பூமி. இது எப்படி நடந்தது என்பதைப் பிரதி சொல்லாது. ஆள் சொல்ல வேண்டும்.

2

ஒரு உதாரணத்தைப் பிரித்துப் பார்ப்போம். நாம் இரும்புக்கை மாயாவி என்று படித்தது 1962 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் வந்த தொடர். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'எஃகு நகம்' என்ற பொருளுடையது. மாயம் என்ற சொல்லே அதில் கிடையாது. லூயிஸ் கிராண்டல் ஒரு ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் கை போய் இரும்புக்கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் அந்தக் கை தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். தமிழுக்கு வரும்போது இந்த விஞ்ஞான விபத்துக்காரனுக்கு 'மாயாவி' என்று பெயர் விழுகிறது. ஒரே சொல்லில் அவன் நம் பாட்டி கதைகளின் வம்சத்தில் சேர்ந்துவிடுகிறான். கிராமங்களுக்குக் கரண்டு வந்துகொண்டிருந்த காலம் அது. 'கரண்டத் தொடாதடா, தூக்கி அடிச்சிரும்' என்று கேட்டு வளர்ந்த பையனுக்குக் கரண்டைத் தொட்டு மறைகிற மனிதன் எப்பேர்ப்பட்ட ஆள்! இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேன்டம் முத்து காமிக்ஸில் 'வேதாளர்', ராணி காமிக்ஸில் 'முகமூடி வீரர் மாயாவி'. ஒரே முகமூடிக்குப் பதிப்பகத்துக்கு ஒரு பெயர். பெயர் வைப்பது மொழிபெயர்ப்பா, வியாபாரமா, இலக்கியமா? வைத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்தத் தொடரை வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற பார்சிலோனாக்காரர். ஃபிராங்கோவின் ஸ்பெயினில் இருந்துகொண்டு லண்டன் பதிப்பாளர்களுக்கு வரைந்த பலரில் ஒருவர். அன்றைய பிரிட்டிஷ் வார இதழ்கள் வரைந்தவர் பெயரையோ எழுதியவர் பெயரையோ போடுகிற வழக்கமில்லை. பெயரில்லாமல் லண்டனுக்குப் போன கோடு பெயரில்லாமலே சிவகாசிக்கும் வந்தது.

ஸ்பைடர் விஷயம் இன்னும் விசித்திரமானது. 1980களில் லயன் காமிக்ஸ் வாசகர்களைக் கிறங்கடித்த அந்தக் கூர்க்காதுக் குற்றச்சக்கரவர்த்தி 1965இல் லண்டனின் 'லயன்' வார இதழில் பிறந்தவன். தொடங்கி வைத்தவர் டெட் கோவன், வரைந்தவர் ரெக் பன். அதன் பிறகு தொடரின் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். 1938இல் 130 டாலருக்கு அந்த உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டு, பதிப்பாளரோடு வழக்காடிப் பயனில்லாமல், கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர். சூப்பர்மேனைப் படைத்தவரின் கதையைத்தான் படிக்கிறோம் என்று தெரியாமலேயே காரியாபட்டிப் பையன் ஸ்பைடரைப் படித்திருக்கிறான். இப்படி ஒரு சங்கிலி இருந்தது என்பதே நமக்கு வெளிநாட்டு ஆர்வலர்கள் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துப் பேசியதால் தெரிந்ததுதான்.

சங்கிலியின் அந்தப் பக்கக் கண்ணிகள் கொஞ்சம் துலங்கிவிட்டன. நம் பக்கத்துக் கண்ணிகள்தான் இருட்டில் இருக்கின்றன.

3

மற்ற இடங்களில் இந்த உரையாடல் எப்படி நடந்தது? அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 'காமிக்ஸ் ஜர்னல்' என்ற இதழ் படக்கதைக்காரர்களை நீண்ட பேட்டி கண்டு வெளியிட்டது. வில் ஐஸ்னர் தம் சக ஓவியர்களோடு தொழில் பேசிப் பதிவு செய்தார். எந்தப் பேனா, எந்த மை, பக்கத்துக்கு எவ்வளவு கூலி, அசல் ஓவியம் யாரிடம் இருக்கிறது என்று பேச்சு போனது. கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. ஜாக் கிர்பி மார்வெலுக்காக வரைந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதற்கே 1987 வரை போராட வேண்டியிருந்தது. சீகலுக்கும் ஷுஸ்டருக்கும் ஆண்டுத்தொகையும் பெயர் போடும் உரிமையும் 1975இல் கிடைத்ததற்குக் காரணம் அவர்கள் வாய்திறந்து பேசியதும் அதை வாங்கி அச்சேற்ற ஆட்கள் இருந்ததும்.

ஆய்வாளர்கள் பக்கமும் பாருங்கள். 1971இல் சிலியில் டோர்ஃப்மனும் மாத்தலாரும் டொனால்ட் டக்கை எடுத்துக்கொண்டு ஏகாதிபத்தியத்தின் முகத்தைக் காட்டினார்கள். அது தேவையான காரியம். ஆனால் அதற்கான சான்றெல்லாம் பக்கத்தில் இருந்த படங்களும் சொற்களும்தான். 1984இல் ஜானிஸ் ராட்வே காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் போய் 'ஏன் படிக்கிறீர்கள்' என்று கேட்டபோது வேறொரு உலகம் திறந்தது. பக்கத்திலேயே, மதுரையில், சாரா டிக்கி சினிமா பார்க்கும் ஏழை மக்களோடு பேசி எழுதிய நூல் 1993இல் வந்தது. சிவகாசிக் காலண்டர்களைப் பற்றிக் கஜ்ரி ஜெயின் எழுதிய நூல் (2007) ஓவியர், அச்சகக்காரர், வியாபாரி என்று எல்லோரையும் ஒரே சித்திரத்துக்குள் கொண்டுவந்தது. குஜிலிப் புத்தகங்களை ஆ.இரா.வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கிய'த்தில் (2004) மீட்டெடுத்தார். காலண்டருக்கு வந்த கவனம், குஜிலிக்கு வந்த கவனம், நம் படக்கதைக்கு அந்த அளவுக்கு வரவில்லை.

முழுக்க ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. லயன் இதழ்களின் 'ஹாட்லைன்' பக்கத்திலும் 'சிங்கத்தின் சிறுவயதில்' தொடரிலும் விஜயன் தம் தொழிலைப் பற்றி வாசகர்களிடம் நேராகப் பேசியிருக்கிறார். ஒரு தமிழ்ப் பதிப்பாசிரியர் தம் வரவையும் சறுக்கலையும் இவ்வளவு விலாவாரியாக எழுதியது அபூர்வம். ஆனால் அது ஆசிரியர் தாமே சொல்வது. எதிரே உட்கார்ந்து குறுக்குக்கேள்வி கேட்க ஆள் இல்லை. குறுக்குக்கேள்வி அவசியம். கிர்பியின் 1990ஆம் ஆண்டுப் பேட்டியில் அவர் சொன்ன சிலவற்றைப் பற்றி இன்றும் தகராறு ஓய்ந்தபாடில்லை. பேட்டி சாட்சியம்தான், தீர்ப்பு அல்ல. நினைவு நழுவும், கோபம் கூட்டிச் சொல்லும், ரசிகன் கேட்டால் புகழ்ச்சியாகவே முடியும். அதனால்தான் ஒருவரை மட்டும் கேட்டு நிறுத்தக்கூடாது.

4

யாரிடம் என்ன கேட்பது?

மொழிபெயர்த்தவரிடம்: ஆங்கிலத்துக்கு அளவெடுத்து வரைந்த பேச்சுக்குமிழுக்குள் தமிழை எப்படி அடைத்தீர்கள்? நம் சொற்கள் நீளம். 'ஓடு' என்றால் அடங்கும், 'ஓடிக்கொண்டிருக்கிறான்' என்றால் குமிழ் வெடித்துவிடும். நறுக்கென்ற அந்தப் படக்கதைத் தமிழ் தேர்ந்தெடுத்த நடையா, இடநெருக்கடியில் பிறந்த நடையா?

பக்கம் அமைத்தவரிடம்: மூலத்தில் அது வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம் வந்த தொடர். வாரக்கடைசியில் ஒரு அதிர்ச்சி வைத்தாக வேண்டும். அதையே ஒரே புத்தகமாகப் போடும்போது சில பக்கங்களுக்கு ஒருமுறை நாயகன் சாவின் விளிம்புக்குப் போய்வருகிறான். நாம் 'விறுவிறுப்பு' என்று கொண்டாடியதில் பாதி இந்த ஒட்டுப்போட்ட தையலின் விளைவு. கட்டங்களை வெட்டினீர்களா, இடம் மாற்றினீர்களா, எந்தப் படத்தை விட்டீர்கள்?

அட்டை வரைந்தவரிடம்: உள்ளே ஐரோப்பியக் கோடு, வெளியே சிவகாசி வண்ணம். லயன், முத்து அட்டைகளைப் பல ஆண்டுகள் வரைந்த மாலையப்பன் போன்றவர்களின் தூரிகைக்கும் காலண்டர் மரபுக்கும் என்ன உறவு? கோவில்பட்டி கொண்டையராஜு காலண்டரில் கையெழுத்துப் போட்டார். அட்டை ஓவியனுக்கு அந்த இடம் கிடைத்ததா?

படித்தவர்களிடம்: சலூனில் தினத்தந்தியைப் பிரித்து, 1960இலிருந்து வரும் கன்னித்தீவில் அன்றைய சில கட்டங்களைப் பார்த்துவிட்டுப் போனவரும் படக்கதை வாசகர்தான். வாடகைக்கு எடுத்தும் கைமாற்றியும் படித்தவர்களின் கணக்கு விற்பனைக் கணக்கில் வராது. பொம்பளைப் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்ததா, அண்ணன் படித்து முடித்த பிறகா? எந்தத் தெரு வரை வந்தது?

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கசப்பானது. இந்தப் புத்தகங்கள் 'சிறுவர்களுக்காக' அச்சான அதே 1970களிலும் 80களிலும், சிவகாசி சாத்தூர் வட்டாரத் தீப்பெட்டி ஆலைகளுக்கு விடியுமுன் கிராமத்துப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிப்போனார்கள். 1986இல் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்தவர் தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆக இந்த வறட்டுச்சீமையில் இரண்டு விதப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் இரும்புக்கையைப் படித்தான், இன்னொருத்தி குச்சி அடுக்கினாள். சில வீடுகளில் இருவரும் ஒரே பிள்ளையாகவும் இருந்திருக்கலாம். 'ஒங்க கைக்கு அந்தப் புஸ்தகம் வந்துச்சாம்மா?' என்று இன்று நடுவயதைத் தாண்டிவிட்ட அந்தப் பெண்ணிடம் கேட்காமல் சிறுவர் வாசிப்பின் வரலாற்றை எழுத முடியாது. அவள் 'வரல' என்று சொன்னால் அதுவும் அந்த வரலாற்றில் ஒரு பக்கம்.

வாண்டுமாமா 2014இல் போய்விட்டார். ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுவிட்டது. லயனும் முத்துவும் 2012க்குப் பிறகு வண்ணத்தில், வழவழ தாளில், விலை கூடி, பழைய வாசகர்களின் சேகரிப்புப் பொருளாக மறுபிறவி எடுத்திருக்கின்றன. சேகரிப்பாளர்கள் புத்தகத்தைக் காப்பாற்றிவிடுவார்கள், அதில் சந்தேகமில்லை. குமிழுக்குள் எழுத்தைப் பொருத்தியவரும், பிளேட் போட்டவரும், பைண்டிங்கில் தாள் மடித்தவர்களும் எழுபதைத் தொட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் போகக் கோட்பாடு படித்திருக்க வேண்டியதில்லை. பஸ் காசும், பொறுமையும், ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் போதும்.